புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம்... புதுப் பழக்கம் போதும்!

தினமும் மேசை முன் உட்கார்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு, காசு செலவில்லாமல் நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழிகள்

பள்ளி அலுவலகம், கூட்டுறவு வங்கி, ஆடிட்டர் ஆபீஸ், இ-சேவை மையம், டிடிபி கடை... எங்கே போனாலும் ஒரே புகார்தான்: ‘சிஸ்டம் ரொம்ப ஸ்லோ சார்.’ பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கவனித்தால் வேறு கதை தெரியும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் மூச்சு வாங்க உழைக்கிறார். அதே முகவரியைக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப டைப் செய்கிறார். போன வாரம் சேமித்த ஃபைலை நான்கு ஃபோல்டர்களில் தேடுகிறார். பெயரை ஒருமுறை காப்பி செய்து ஒட்டிவிட்டு, எண்ணை எடுக்க மறுபடியும் பழைய பக்கத்துக்கே போகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட வீண் அலைச்சலில் நாளுக்குப் பத்து நிமிடம் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலை நாள் என்றால் நான்கு மணி நேரத்துக்கும் மேல். வருடத்துக்கு 50 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஆறு நாளுக்கு மேல். அத்தனையும் மாலையில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து பிடுங்கப்படுவது.

இதைத் திரும்பப் பெறத் தேவையான கருவிகளில் பாதி உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கின்றன. மீதி இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வேலையைக் கையால் இரண்டாம் தடவை செய்ய நேர்ந்தால், ‘இதைக் கம்ப்யூட்டரிடம் விட முடியுமா?’ என்று கேட்கும் பழக்கம் மட்டும்தான் நமக்கு வர வேண்டும்.

முதல் வேலை: தமிழ் டைப்பிங்

தமிழில் வேலை பார்ப்பவருக்கு மிகப் பெரிய லாபம் இங்கேதான். ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி டைப் செய்து தமிழாக மாற்றிக்கொள்வதுதான் பலரின் வழக்கம். எப்போதாவது ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்ப அது போதும். நாள் முழுக்கத் தமிழில் கடிதமும் அறிக்கையும் எழுதுபவர்கள் ‘தமிழ் 99’ கீபோர்டைக் கற்றுக்கொள்வது நல்லது. சென்னையில் 1999-ம் ஆண்டு நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை இது.

இதன் அமைப்பு எளிமையானது. உயிரெழுத்துகள் இடது கையில்; மெய்கள் பெரும்பாலும் வலது கையில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 கீகளுக்குள் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. இதைவிட அழகு, புள்ளி தானாக விழுவது. ‘பக்கம்’ என்று எழுத, ப, க, க, ம, கடைசியில் புள்ளி என்று ஐந்து தட்டுகள் போதும். இரண்டு ‘க’ அடுத்தடுத்து வந்தால் முதல் ‘க’ மேல் புள்ளியைக் கம்ப்யூட்டரே வைத்துவிடும். ‘தங்கம்’ எழுதும்போதும் ‘ங’ தானாகவே ‘ங்’ ஆகிவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று தமிழில் இயல்பாகச் சேர்ந்து வரும் இணைகள் எல்லாவற்றுக்கும் இதே வசதி உண்டு. ‘தங்கம்’ என்பதை ஆங்கில ஒலிப்படி எழுத ஏழு தட்டுகள் ஆகும், இங்கே ஐந்து. ஒரு பக்கம் முழுக்க எழுதும்போது இந்த வித்தியாசம் விரல்களுக்குத் தெரியும்.

விண்டோஸ் 11-ல் இதற்காகத் தனியாக எதையும் வாங்க வேண்டாம். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குப் போய், தமிழைச் சேர்த்து, கீபோர்டு பட்டியலில் ‘தமிழ் 99’ஐத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அதன்பின் விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ‘என்எச்எம் ரைட்டர்’, ‘இ-கலப்பை’, ‘அழகி’ ஆகியவை பல ஆண்டுகளாக இலவசமாகக் கைகொடுத்து வருகின்றன. தினம் அரை மணி நேரம் பழகுங்கள். முதல் சில நாட்களில் வேகம் குறையும்; எரிச்சல் வரும். அதைத் தாண்டிவிட்டால் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

டைப்பிங்கே வராது என்பவர்களுக்கும் வழி உண்டு. குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘வாய்ஸ் டைப்பிங்’கைச் சொடுக்கி, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் எழுத்தாக விழும். இன்டர்நெட் வேண்டும், நிறுத்தி, தெளிவாகப் பேச வேண்டும். சந்திப் பிழைகளை நாம்தான் திருத்த வேண்டும். ஆனாலும் முதல் வரைவுக்கு இது அருமையான உதவி.

பழைய ஃபான்ட் சிக்கலுக்கு முற்றுப்புள்ளி

‘ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வருகின்றன’ என்ற புலம்பல் இன்றும் ஓயவில்லை. பாமினி, வானவில், டேப், டாம் போன்ற பழைய ஃபான்ட்களில் எழுதப்பட்டவை அவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அவற்றைப் படிக்க முடியாது, தேட முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. யூனிகோடு தரத்தின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ம் ஆண்டு தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் புதிய ஃபைல்களைப் பழைய ஃபான்ட்டில் உருவாக்குவது, நாளைக்கு நமக்கே நாம் வைத்துக்கொள்ளும் வினை.

பழைய ஃபைல்களை மாற்ற ‘என்எச்எம் கன்வர்ட்டர்’ போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஓர் எச்சரிக்கை: அதே ஃபைலில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அதனால் மூல ஃபைலை அழிக்காமல் தனியாக வையுங்கள். மாற்றியதை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

டிடிபி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அது யூனிகோடு தமிழைக் கையாளாது. இன்டிசைனின் புதிய பதிப்புகளும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸின் புதிய பதிப்புகளும் கையாளும். ‘யூனிகோடில் அழகான ஃபான்ட் இல்லையே’ என்ற காலமும் போய்விட்டது. மீரா இனிமை, கவிவனர், முக்த மலர், கட்டமரான் என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே பல கிடைக்கின்றன.

ஒன்றல்ல, 25 காப்பி!

காப்பி-பேஸ்ட் இல்லாத கம்ப்யூட்டர் வேலையை இன்று யாரும் கற்பனை செய்ய முடியாது. 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய முறை அது. டெஸ்லர் 2020-ல் மறைந்தார். அவர்கள் தந்ததில் ஒரு குறை வெகுகாலம் நீடித்தது: புதிதாக ஒன்றைக் காப்பி செய்தால் பழையது போய்விடும்.

விண்டோஸில் 2018-ம் ஆண்டே அந்தக் குறை நீங்கிவிட்டது. விண்டோஸ் கீயுடன் ‘வி’ எழுத்தை அழுத்திப் பாருங்கள். முதல் தடவை மட்டும் ‘டர்ன் ஆன்’ கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் காப்பி செய்த கடைசி 25 விஷயங்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதைச் சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு விண்ணப்பத்தை நிரப்பப் பெயர், தந்தை பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காப்பி செய்துகொண்டு, பிறகு வரிசையாக ஒட்டலாம். அடிக்கடி தேவைப்படுவதை ‘பின்’ செய்துவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அழியாது. இன்னும் நீளமான பட்டியல் வேண்டும், பழையதைத் தேடவும் வேண்டும் என்பவர்கள் ‘டிட்டோ’ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளலாம்.

இ-சேவை மையத்திலும் பிரவுசிங் சென்டரிலும் பொதுக் கம்ப்யூட்டரைக் கையாளுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பட்டியலில் வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் பாஸ்வேர்டும்கூட இருக்கும். ஒவ்வொருவரின் வேலை முடிந்ததும் ‘கிளியர் ஆல்’ கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சின்னப் பழக்கம்: இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது ஃபான்ட்டும் நிறமும் கூடவே வந்து கடிதத்தையே கெடுத்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல மென்பொருள்களில் எழுத்து மட்டும் வந்து விழும்.

தேடாதே, கிடைக்கும்படி வை

‘நியூ’, ‘நியூ 1’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் கரெக்‌ஷன்’... நம் ஃபைல்களின் பெயர்கள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரே ஒரு விதி இதைச் சரிசெய்யும். ஃபைல் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்; அதிலும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். ‘2025-08-15 சுதந்திர தின அழைப்பிதழ்’ என்று வைத்தால், பெயர் வரிசையில் அடுக்கும்போது ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் நின்றுவிடும். நாளை முதலில் எழுதினால் இது நடக்காது. பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

தேடுவதற்கு ‘எவ்ரிதிங்’ என்ற இலவச சாஃப்ட்வேரைப் பரிந்துரைக்கிறேன். வாய்ட்டூல்ஸ் என்ற பெயரில் வெளியாகும் இது சிறிய சாஃப்ட்வேர்தான். ஃபைல்களின் பெயர்களை டிஸ்க்கே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக அலையாமல் நேராக அந்தப் பதிவேட்டைப் படித்துவிடுகிறது. அதனால் நீங்கள் இரண்டு எழுத்து டைப் செய்வதற்குள் பட்டியல் வந்துவிடும். ஃபைலுக்குள் இருக்கும் வாசகத்தை இயல்பாகத் தேடாது, பெயரைத்தான் தேடும். பெயரை ஒழுங்காக வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஒருமுறை செய், நூறுமுறை பயன்படுத்து

வேர்டில் தப்பாக டைப் செய்த ஆங்கிலச் சொல்லைத் தானாகத் திருத்தும் ‘ஆட்டோ கரெக்ட்’ வசதியை எல்லோருக்கும் தெரியும். அதை நம் வேலைக்கு வளைத்துக்கொள்ளலாம். ‘முக1’ என்று டைப் செய்தால் உங்கள் அலுவலக முகவரி முழுவதும் வரும்படி, ‘பொரு1’ என்றால் வழக்கமாக எழுதும் பொருள் வரி வரும்படி அதில் சேர்த்துவிடலாம். ஆப்ஷன்ஸில் ‘ப்ரூஃபிங்’ பகுதியில் இது இருக்கிறது. இலவசமான லிப்ரே ஆபீஸிலும் இதே வசதி உண்டு.

பள்ளிகளும் சங்கங்களும் கட்டாயம் கற்க வேண்டியது ‘மெயில் மெர்ஜ்’. இருநூறு மாணவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டுமானால், வேர்டில் ஒரே ஒரு மாதிரி தயார் செய்யுங்கள். பெயர், வகுப்பு, பிரிவு ஆகியவற்றை எக்ஸெல் பட்டியலாக வையுங்கள். இரண்டையும் ‘மெயிலிங்ஸ்’ மெனு வழியாக இணைத்தால் இருநூறு சான்றிதழும் ஒரே கட்டளையில் வரும். பெயரை மாற்றி மாற்றிப் பிரின்ட் எடுக்கும் அந்த முழு நாள் வேலை, ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பட்டியலில் எழுத்துப் பிழை இல்லையா என்று சரிபார்க்க மீதி நேரத்தைச் செலவிடலாம்.

எக்ஸெல்லில் இன்னொரு அற்புதம் ‘ஃபிளாஷ் ஃபில்’. ஒரே கட்டத்தில் ‘ஆர். குமார், மதுரை’ என்று பெயரும் ஊரும் கலந்து கிடக்கும் பட்டியல் வந்துவிட்டதா? பக்கத்துக் கட்டத்தில் முதல் வரிசைக்கு மட்டும் ‘மதுரை’ என்று டைப் செய்யுங்கள். அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் கன்ட்ரோலுடன் ஆங்கில ‘E’ கீயை அழுத்துங்கள். நீங்கள் செய்ததைப் பார்த்து மற்ற வரிசைகளையும் எக்ஸெல்லே பிரித்துவிடும். 2013-ம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி இது. இருந்தும் பட்டியலை வரி வரியாக வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

போட்டோ, பிடிஎஃப்: ஆபத்தில்லாத வழி

‘போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும், ஆவணம் ஒரே பிடிஎஃப்பாக இருக்க வேண்டும்’ என்று ஆன்லைன் விண்ணப்பங்கள் கேட்கின்றன. உடனே கூகுளில் தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் சொத்துப் பத்திரத்தையும் ஏற்றிவிடுகிறோம். அந்தத் தளத்தை நடத்துபவர் யார், ஃபைல் அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது. இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

இவை அனைத்தையும் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்யலாம். பிடிஎஃப்களை இணைக்கவும் பிரிக்கவும் ‘பிடிஎஃப்சாம் பேசிக்’ இருக்கிறது, இலவசம். எந்த ஃபைலையும் பிடிஎஃப் ஆக்க, பிரின்ட் கொடுக்கும் இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். படங்களுக்கு, மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு நூறு படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஒரே தடவையில் அளவைக் குறைக்கலாம். நூறு ஃபைல்களின் பெயரையும் ஒரே தடவையில் மாற்றும் வசதியும் அதில் உண்டு.

மொபைலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி இறக்குவதும் பொதுவான வழக்கம். அப்படிச் சாதாரணமாக அனுப்பும் படத்தின் தரம் குறைந்துவிடும். ஒரே வைஃபையில் மொபைலும் கம்ப்யூட்டரும் இருந்தால், ‘லோக்கல்சென்ட்’ என்ற இலவச ஆப் மூலம் படத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம். இன்டர்நெட்கூடத் தேவையில்லை.

அச்சில் இருக்கும் தமிழ்ப் பக்கத்தை மறுபடி டைப் செய்யவும் வேண்டாம். அதை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, ‘ஓபன் வித்’ வழியாகக் கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்தின் கீழே எழுத்தாக வரும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். ர, ா போன்ற ஒத்த வடிவங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரகசிய ஆவணங்களுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்யும், தமிழ் தெரிந்த ‘டெஸ்ஸராக்ட்’ அதற்கு இருக்கிறது.

மேசையில் ஒட்டி வைக்க...

● விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ்: திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுக்க.
● விண்டோஸ் + இடது அல்லது வலது அம்புக்குறி: இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த. பட்டியலைப் பார்த்துப் பதிவு செய்பவர்களுக்குப் பெரிய வரம்.
● விண்டோஸ் + கன்ட்ரோல் + டி (D): புதிதாக இன்னொரு டெஸ்க்டாப் திறக்க. கணக்கு வேலை ஒன்றில், கடித வேலை இன்னொன்றில்.
● கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி (T): தவறி மூடிய பிரவுசர் டேபைத் திரும்பக் கொண்டுவர.
● எஃப் 2: ஃபைலின் பெயரை மாற்ற.
● ஆல்ட் + டேப்: திறந்திருக்கும் வேலைகளுக்கு இடையே தாவ.
● எக்ஸெல்லில் ஆல்ட் + சமக் குறி: கூட்டுத்தொகை போட.
● விண்டோஸ் + எல்: எழுந்து போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்ட.

கரண்ட் போனாலும் வேலை போகக் கூடாது

மிச்சம் பிடித்த நேரம் முழுவதையும் ஒரே ஒரு மின்வெட்டு விழுங்கிவிடும். வேர்ட் பொதுவாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஆப்ஷன்ஸில் ‘சேவ்’ பகுதிக்குப் போய் அதை இரண்டு நிமிடமாகக் குறையுங்கள். அதோடு, கன்ட்ரோல் + எஸ் அழுத்துவதை விரலின் இயல்பாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

பேக்கப்புக்கு உலகெங்கும் சொல்லப்படும் விதி 3-2-1. முக்கியமான ஃபைலுக்கு மூன்று பிரதிகள். இரண்டு வகை சாதனங்களில். ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ வீட்டிலோ ஒன்று என்று வைக்கலாம். 2017-ம் ஆண்டு மே மாதம் ‘வானாக்ரை’ வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, தனியாகக் கழற்றி வைத்த பேக்கப் இருந்தவர்கள் பிழைத்துக்கொள்ள முடிந்தது. அதனால் வெளி டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைக்காதீர்கள்.

நிஜமாகவே மெஷின் மெதுவாக இருந்தால்?

அதற்கும் வரிசை இருக்கிறது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பழைய கம்ப்யூட்டரும் வேறு மாதிரி ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏற்காத மெஷின் என்றால், வீசிவிடுவதற்கு முன் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். தமிழ் டைப்பிங், லிப்ரே ஆபீஸ், பிரவுசர் எல்லாம் அதில் செலவில்லாமல் ஓடும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்யத் தொடங்கினால் எதுவும் நிலைக்காது. இந்த வாரம் உங்களை அதிகம் சலிக்க வைத்த வேலை எது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதற்கான வழியை மட்டும் பழகுங்கள். கை பழகியதும் அடுத்ததுக்குப் போங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பதில், தமிழ் 99.

கற்றதை உங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நம் அலுவலகங்களில் பலரும் யாரும் சொல்லித்தராமல், பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றவர்கள். கேட்கக் கூச்சப்பட்டே பல வருடங்களாக நீண்ட வழியில் நடந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு வாரம் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுங்கள். அந்த அலுவலகத்தில் எல்லோருமே கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்குப் போகலாம்.